2400 என்று எழுதிய இன்வெர்ட்டர் 2200 வாட் கெட்டிலுக்குக் கை விரிப்பது ஏன்?

சாட்ஸ்வொர்த் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே இருந்துவிட்டு, குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் வாடகை வீடு. நான், கணவர், ஏழு வயதுப் பையன், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார் என நாலு பேர். பத்தாம் வகுப்பில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் என்று எழுதி முழு மார்க் வாங்கியவள்தான் நான். ஆனால் அந்த வாட் என் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை.

வீட்டில் இப்போது இரண்டு வழக்கு ஓடுகிறது.

முதல் வழக்கு இன்வெர்ட்டர். 2023-ல் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, ஸ்டேஜ் 6 வரை போனபோது, சக்கரம் வைத்த இன்வெர்ட்டர் பெட்டி ஒன்றைக் கணவர் வாங்கி வைத்தார். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 2400 என்று இருக்கும். போன வாரம் தெருவில் ஏதோ பழுது, இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. மாமியாருக்கு டீ போடலாமே என்று கெட்டிலைச் சொருகினேன். கெட்டிலின் அடியில் 2200 வாட் என்று இருக்கிறது. பெட்டி ‘கீ’ என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், டிவி, வைஃபை, விளக்கு எல்லாம் போச்சு. 2400-க்குள் 2200 அடங்காதா? டிவிக்கும் விளக்குக்கும் சேர்த்து மிஞ்சிய 200 போதாதா?

இரண்டாவது வழக்கு ப்ரீபெய்ட் மீட்டர். 300 ராண்டுக்கு டோக்கன் வாங்கினால் ரசீதில் 100 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டு வருகிறது. டோக்கனில் இருக்கும் 20 இலக்க எண்ணை மீட்டரில் தட்டி ஏற்றினால் ஒரு வாரம்தான் தாங்குகிறது. குற்றவாளி, மாமியார் பெட்டியில் சுற்றிக் கொண்டு வந்த மிக்சியும் கிரைண்டரும்தான் என்று கணவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். சொந்த அம்மா கொண்டு வந்தது என்றும் பார்க்கவில்லை. “750 வாட் மிக்சி! டிவியே 75 வாட்தான்!” என்கிறார். மாமியார் இரண்டு நாளாகச் சட்னியே அரைக்கவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை எங்களுக்கு வேறு இல்லை.

டார்ச் அடித்து எல்லாவற்றின் முதுகையும் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். கிரைண்டர் 150 வாட். மைக்ரோவேவில் 700 என்றும் இருக்கிறது, 1150 என்றும் இருக்கிறது. பிரிட்ஜில் வாட்டே இல்லை, 1.2 ஆம்பியர் என்று மட்டும். கீசர் கூரைக்குள் இருப்பதால் எட்டவில்லை. யாராவது விளங்கும்படி சொல்லுங்களேன்.

ஜோபர்க் தம்பி:

அக்கா, பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். 2400-ஐ அடுத்து வி.ஏ. என்று இருக்கும். அதன் கீழே எறும்பு எழுத்தில் 1440 வாட் என்று இருக்கும். பந்தயம் வேண்டுமானாலும் கட்டுகிறேன்.

வி.ஏ. என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் சும்மா பெருக்கி வருவது. அதில் உண்மையாக வேலையாகவோ சூடாகவோ மாறுகிற பங்குதான் வாட். கெட்டில், இஸ்திரிப் பெட்டி மாதிரி வெறும் கம்பிச் சுருள் சாமான்களுக்கு இரண்டும் ஒன்றே. மோட்டார், பழைய கம்ப்யூட்டர் மாதிரி சாமான்களில் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு ஒத்து வராது, அதனால் ஆம்பியர் அதிகமாகப் போகும், வேலை குறைவாக நடக்கும். இந்த விகிதத்தைத்தான் நம் பாடப் புத்தகத்தில் திறன் காரணி என்றார்கள். உங்கள் பெட்டியை 0.6 என்று வைத்துச் செய்திருக்கிறார்கள். 2400-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 1440.

ஆக அந்தப் பெட்டிக்கு வரம்பு இரண்டு. எது முதலில் முட்டினாலும் அணைந்துவிடும். கெட்டில் 1440-ஐ முட்டித் தள்ளிவிட்டது. பேசாமல் அதை விற்றுவிட்டு லித்தியம் பேட்டரியோடு 5 கிலோவாட் ஒன்று சுவரில் மாட்டுங்கள். கெட்டில் என்ன, அடுப்பே ஓடும்.

மாரிட்ஸ்பர்க் தாத்தா:

தம்பி சொன்ன கணக்கு சரி. சொன்ன வைத்தியம்தான் சரியில்லை. வருடத்தில் நாலு தடவை டீ போட எழுபதாயிரம் ராண்டா?

மகளே, நான் நாற்பது வருடம் வயரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பம் இங்கே நாலு தலைமுறை. தமிழ் படிப்பேன், தட்டச்சு வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தட்டுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளுடையது, கணக்குப் பிழை இருந்தால் என்னுடையது.

உன் இரண்டு வழக்கும் வேறு வேறு. முதல் வழக்கு வாட் பற்றியது. இரண்டாவது யூனிட் பற்றியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் மிக்சி கூண்டில் நிற்கிறது.

பந்தியில் ஒருவன் நிமிடத்துக்கு எத்தனை இட்லி விழுங்குகிறான் என்பது வாட். கை கழுவப் போகும்வரை மொத்தம் எத்தனை இட்லி தின்றான் என்பது யூனிட். மீட்டர் காசு வாங்குவது இட்லிக்கு. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 750 வாட் மிக்சி முழு மூச்சில் நாலு நிமிடம் ஓடினால் 0.05 யூனிட். தினம் சட்னி அரைத்தாலும் ஒரு யூனிட் தீர இருபது நாள் ஆகும். அதிலும் 750 என்பது கல் மாதிரி கெட்டியாக எதையாவது போட்டு அரைக்கும்போதுதான். தேங்காய்க்கு அவ்வளவு இழுக்காது. கிரைண்டர் அரை மணி ஓடினாலும் 0.075 யூனிட். உன் மாமியாருக்கு இன்றைக்கே ஜாமீன் கொடுத்துவிடு.

இன்வெர்ட்டர் கதை அப்படியல்ல. அது பரிமாறுகிறவன் மாதிரி. மொத்தம் எத்தனை இட்லி என்று கேட்கமாட்டான், ஒரு நிமிடத்தில் எத்தனை எடுத்து வைக்க முடியும் என்பதுதான் அவன் கவலை. அதனால் அரை நிமிடக் கெட்டிலும் அவனைக் கவிழ்த்துவிடும்.

அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி இரண்டு இருக்கும். பெருக்கினால் 2400 வாட் மணி (1000 வாட் மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே காலி செய்தால் ஆயுள் போய்விடும், ஆக 1200. இன்வெர்ட்டரே தின்பது போகக் கைக்கு 1000 வரும் என்று வைத்துக்கொள். டிவி, வைஃபை, 9 வாட் பல்பு நாலு, இரண்டு போன் எல்லாம் சேர்ந்து 150 வாட் தாண்டாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அந்த வேலைக்கு அது நல்ல பெட்டி. டீக்கு ஒரு சின்ன கேஸ் அடுப்பு வை. மிக்சியையும் அதில் போடாதே. விலை குறைந்த பெட்டிகளில் வரும் மின்சாரத்தின் அலை வழவழப்பாக இராது, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும். மோட்டார் உறுமும், சூடாகும்.

பிரிட்ஜ்: 1.2-ஐ 230-ஆல் பெருக்கினால் 276 வருகிறது. பயப்படாதே, அது உச்ச வரம்பு. ஓடும்போது அதில் பாதிகூட இழுக்காது, அதுவும் விட்டு விட்டுத்தான் ஓடும். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடி மட்டும் பல மடங்கு கேட்கும். இன்வெர்ட்டரில் பிரிட்ஜைப் போட்டுப் பார்த்து ஏமாந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரு நொடியில் ஏமாந்தவர்கள்தான். மைக்ரோவேவில் 700 என்பது சோற்றுக்குள் போகும் சூடு, 1150 என்பது சுவரிலிருந்து எடுப்பது. மீதியைத்தான் அது விசிறி வைத்துப் பின்னால் ஊதித் தள்ளுகிறது.

இனி நிஜக் குற்றவாளி. கூரைக்குள் எட்டவில்லை என்றாயே, அவன்தான். இந்த நாட்டு வீடுகளில் சாதாரணமாக 150 லிட்டர் கீசர், 3000 வாட் சுருள். ஊரில் உங்கள் அப்பா கிணற்றில் மோட்டார் வைத்திருந்தாரா? ஒரு எச்.பி. என்றால் 746 வாட். உன் படுக்கை அறைக்கு மேலே நாலு எச்.பி. மோட்டார் ஒன்று சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள். ஊரில் குளிப்பதற்கு முன் சுவிட்சைப் போட்டு, குளித்ததும் அணைப்போம். இங்கே யாரும் அணைப்பதில்லை. 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏழு யூனிட் ஆகும். யாருமே குளிக்காவிட்டாலும், ஆறிப்போகும் சூட்டை ஈடுகட்டவே நாளைக்குச் சுமார் இரண்டு யூனிட் போகும்.

என் பேச்சை நம்ப வேண்டாம், மீட்டரைக் கேள். அதில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 1000 துடிப்பு என்று ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பொறித்திருக்கும். வேறு எண் இருந்தால் எனக்குச் சொல். 1000 என்றால் ஒரு மினுக்குக்கு ஒரு வாட் மணி. ஒரு நிமிடத்தில் எத்தனை மினுக்கு என்று எண்ணி 60-ஆல் பெருக்கு, இந்த நொடியில் வீடு இழுக்கும் வாட் வந்துவிடும். பிரேக்கர் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும் டிபி போர்டில் மற்ற பிரேக்கர்களை இறக்கிவிட்டுக் கீசரை மட்டும் வைத்து எண்ணு. காலையில் எல்லாரும் குளித்த கையோடு எண்ண வேண்டும், இல்லாவிட்டால் சூடு ஏறி அதுவே நின்றிருக்கும். சுவிட்சை மட்டும் தொடு. போர்டின் மூடியைத் திறக்காதே.

டோங்காட்காரன்:

தாத்தாவின் பரிமாறுகிறவர் உவமையைப் படித்ததும் எங்கள் கோயில் தைப்பூசக் காவடிதான் நினைவுக்கு வந்தது. 10 கே.வி.ஏ., அதாவது 10,000 வி.ஏ., ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். 10 என்றால் 10 கிலோவாட் என்றே கமிட்டியில் எல்லாரும் நினைத்தோம். நிஜத்தில் 0.8 போட்டு 8 கிலோவாட்தான். டீக்கு வெந்நீர் போடும் அர்ன் என்ற பெரிய மின்பாத்திரம் மூன்று, ஒவ்வொன்றும் 2500 வாட். அதிலேயே 7500 போய்விட்டது. அப்புறம் பந்தல் விளக்கு, மைக் செட். காவடி உள்ளே நுழையும் நேரத்தில் யாரோ மூன்றாவது அர்னைப் போட, மொத்தப் பந்தலும் இருட்டு.

ஸ்பீக்கர்காரர் வேறு “என் பெட்டி 5000 வாட், அதனால்தான்” என்று பெருமையாகப் பழியை ஏற்றுக்கொண்டார். பின்னால் திருப்பிப் பார்த்தால் 120 வாட். முன்பக்க 5000-க்குப் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருந்தது. அந்த நான்கு எழுத்தைப் பார்த்தால் எண்ணை அப்படியே மறந்துவிடலாம்.

ஒரு கேள்வி. கெட்டிலையே 1000 வாட்டில் வாங்கினால் யூனிட்டும் பாதியாகுமா?

மாரிட்ஸ்பர்க் தாத்தா:

ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 0.09 யூனிட் வேண்டும், அது தண்ணீரின் விலை, கெட்டிலின் விலை அல்ல. 2200 வாட் இரண்டரை நிமிடத்தில் கொடுக்கும். 1000 வாட் ஐந்தரை நிமிடம் எடுக்கும், அதற்குள் கொஞ்சம் சூடு வெளியே போவதால் ஒரு துளி கூடவே தின்னும். இரண்டு கோப்பை டீக்குக் கெட்டிலை நிறைப்பதை நிறுத்தினால்தான் மிச்சம். ஆனால் 1000 வாட் கெட்டிலுக்கு ஒரு நன்மை உண்டு: இந்தப் பெண்ணின் இன்வெர்ட்டர் அதைத் தாங்கும். ஈய பேட்டரியை அப்படி உறிஞ்சுவது நல்லதல்ல என்பது வேறு விஷயம்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

தாத்தா, எண்ணிவிட்டேன்! மீட்டரில் 1000 என்றுதான் இருக்கிறது. பையனின் ஸ்கூல் நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

கெட்டில் மட்டும்: நிமிடத்துக்கு 36. பெருக்கினால் 2160 வாட். கீசர் மட்டும்: 49, அதாவது 2940. பையன் எண்ணியது 50, யார் சரி என்று சண்டை. எல்லாச் சாமானையும் சுவிட்சில் அணைத்துவிட்டு நின்றால் மீட்டரும் நிற்கும் என்று பார்த்தேன், ஐந்து நிமிடத்தில் மூன்று தடவை மினுக்கியது. அப்படியென்றால் 36 வாட். வைஃபை, அலாரம், கேட் மோட்டார், தூங்குகிற டிவி இவையாகத்தான் இருக்கும். நாளைக்குக் கிட்டத்தட்ட 0.9 யூனிட்! மிக்சி மாதத்தில் தின்பதை இவை இரண்டு நாளில் தின்கின்றன.

தம்பி, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். 1440 வாட், எறும்பு எழுத்தில், பார்கோடுக்குக் கீழே.

அப்புறம் கணவரையும் விடவில்லை. அவர் ஷவரில் நின்ற நேரத்தைப் போனில் பார்த்தேன், பத்து நிமிடம். வாளியை வைத்து ஷவரின் வேகத்தை அளந்தேன், நிமிடத்துக்கு 10 லிட்டர். மொத்தம் 100 லிட்டர். மாமியார் வாளியும் சொம்புமாகத்தான் குளிப்பார், ஒரு வாளி 20 லிட்டர். தண்ணீர் 40 டிகிரி என்று வைத்துத் தாத்தா கணக்கிலேயே போட்டால் மாமியாருக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு, மகனுக்கு 2.3 யூனிட். இதை இரவுச் சாப்பாட்டின்போது வாசித்தேன். மறுப்பு எதுவும் வரவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். கீசருக்கு டைமர் போட்டால் செலவு பாதியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? மிக்சியின் சின்ன மூன்று முள் பிளக் இங்கே சுவரில் சேராததால் அடாப்டர் ஒன்று போட்டிருக்கிறேன். அதில் வேறு எதையாவது சொருகலாமா?

மாரிட்ஸ்பர்க் தாத்தா:

பாதி என்று சொல்லி விற்பவனை நம்பாதே. குளித்த தண்ணீரைக் காய்ச்சித்தான் ஆக வேண்டும், எந்த மணிக்குக் காய்ச்சினாலும் அதே யூனிட். டைமர் மிச்சப்படுத்துவது, சும்மா ஆறிப்போவதில் ஒரு பங்கை மட்டும். அதற்குக் கீசரைச் சுற்றிப் போர்வை கட்டுவது இன்னும் மலிவு. சூட்டை 60-க்குக் கீழே ரொம்ப இறக்காதே, வெதுவெதுப்பான தேக்கத் தண்ணீரில் நோய்க்கிருமி வளரும். குறைக்க வேண்டியது ஷவரை. அதை உன் கணவரிடம் எப்படிச் சொல்வது என்பது எலக்ட்ரீஷியன் வேலை அல்ல.

மிக்சிக்கு இந்த ஊர் மின்சாரம் ஒத்துவரும், அங்கும் 230 வோல்ட், 50 சைக்கிள். பிளக்தான் பிரச்சினை. ஊரில் ஏசிக்குப் போடும் பெரிய மூன்று உருண்டை முள் இருக்கிறதே, அதுதான் இங்கே பல வீட்டுச் சுவர்களில் சாதாரணப் பிளக். அந்தத் துளை 16 ஆம்பியர் தாங்கும், 3680 வாட் வரை. உன் அடாப்டரின் சின்னத் துளை 5 ஆம்பியர் என்றால் 1150 வாட்டோடு சரி. மிக்சி போகும், கிரைண்டர் போகும். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எதுவும் அதன் பக்கமே வரக்கூடாது. அடாப்டரில் மல்டி பிளக், அதற்கு மேல் இன்னொரு அடாப்டர் என்று கோபுரம் கட்டாதே.

மாரிட்ஸ்பர்க்கில் ஜூலை குளிர் உனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் 2000 வாட் ஹீட்டரையும் 2200 வாட் கெட்டிலையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டிருந்தார்கள். கூட்டினால் 4200, பதினெட்டு ஆம்பியர். சுவர்ப் பிரேக்கர் 20 ஆம்பியர் என்பதால் அது அசையவே இல்லை. பிளாஸ்டிக்தான் உருகியது. நான் போனபோது வீட்டு அம்மாள் ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் கையைத் தட்டிவிட்டு மெயினை இறக்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிளக்கைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சுட்டால் அன்றைக்கே மாற்று. முடிந்தால் மிக்சியின் பிளக்கையே வெட்டி இந்த ஊர்ப் பிளக் போட்டுவிடச் சொல். எர்த் கம்பியைச் சரியாகக் கட்டுகிற ஆளாகப் பார்.

ஜோபர்க் தம்பி:

தாத்தா, என் 5 கிலோவாட் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். என் வீட்டு மீட்டரையும் எண்ணினேன், நள்ளிரவில் 190 வாட். மீன் தொட்டி என்று மனைவி சொல்கிறாள், கேமிங் கம்ப்யூட்டர் என்று சொல்லவில்லை.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

பிளக் மாற்றியாச்சு. கீசருக்குப் போர்வையும் கட்டியாச்சு. ஷவர் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

மாமியார் இன்று காலை பேரனை மீட்டருக்கு முன்னால் நிறுத்திவிட்டு அடுக்களைக்குள் போனார். கீசரை இறக்கியாச்சா, பிரிட்ஜை அணைச்சாச்சா என்று உள்ளிருந்தே குரல் கொடுத்து உறுதி செய்துகொண்டு மிக்சியைப் போட்டார். நின்றதும், “எத்தனைடா?” என்றார்.

“பத்தொன்பது, ஆச்சி.”

இப்போது தேங்காய்ச் சட்னி தினமும் உண்டு.